முச்சந்திக்குப் போகாத தணல்

நெருப்பை முதலில் பார்த்தது ஏழு மாதக் குழந்தை பவ்யாதான்.

சாயங்காலத்திலிருந்து விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தவள் திடீரென்று அழுகையை நிறுத்தினாள். அம்மா கௌசிகாவின் தோளில் கிடந்தபடி ஜன்னலைப் பார்த்தாள். கம்பிகளுக்கு அப்பால் ஏதோ மஞ்சளாக ஆடியது. குழந்தை அதை நோக்கிக் கையை நீட்டிச் சிரித்தது. ஒருவழியாக அடங்கினாளே என்று கௌசிகா கண்ணை மூடினாள். மணி ஒன்று இருக்கும்.

மூடிய கண்ணுக்குள்ளும் வெளிச்சம் வந்தது. அப்புறம் வைக்கோல் கருகும் வாசனை.

"மாமா, எழுந்திரு. அத்த வூட்டு வைக்கப்போரு எரியுது."

அவள் புருஷன் ஸ்ரீஹரி பாயிலிருந்து துள்ளி எழுந்தான். கம்பெனி பேண்ட்டைக் கூட மாற்றாமல் படுத்திருந்தான். கதவைத் திறந்தான். பத்தடி சந்துக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரி ரத்தினம்மாவின் போர் உச்சியிலிருந்து அடிவரை எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே மாட்டுக்கொட்டாய். மேல்காற்று தீயைக் கொட்டாய்க் கூரைமேல் தள்ளிக்கொண்டிருந்தது.

அவன் உடனே ஓடவில்லை. ஒரு நிமிஷம் வாசற்படியில் நின்றான். பிறகுதான் ஓடினான்.

ரத்தினம்மா முந்தானை சரிந்தது தெரியாமல் கொட்டாய் வாசலில் நின்று இடுப்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். போன மாசம் பக்கத்து ஊரில் மாடு திருடு போனதிலிருந்து அவள் செவலைப் பசுவைச் சங்கிலியில் கட்டிப் பூட்டுப் போட்டு வைத்திருந்தாள். சாவி எப்போதும் இடுப்பில் இருக்கும். அன்றைக்கு என்று புடவை மாற்றும்போது ஆணியில் மாட்டியிருந்தாள்.

"சாவி கீது, உள்ள கீது, ஆணில கீது" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

ஸ்ரீஹரி கொட்டாய்க்குள் நுழைந்தான். இருபது நாள் கன்றுக்குட்டி கயிற்றில்தான் இருந்தது. கூரையில் செருகியிருந்த அரிவாளால் ஒரே வெட்டு. கன்றை வெளியே தள்ளிவிட்டுச் செவலையிடம் போனான். சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கொம்பை ஆட்டி ஆட்டி அது அவனையே இடித்தது. முளை அசையவில்லை. சங்கிலி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது போல இருந்தது. மூங்கில் ஒன்று முறிந்து கூரை ஒரு பக்கமாக இறங்கியபோது யாரோ அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். ரத்தினம்மா சாவியோடு வந்தபோது உள்ளே போக வாசலே இல்லை.

செவலை கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு கத்தவில்லை.

கம்பியில் தீ பிடித்துவிடும் என்று கரண்ட்டை நிறுத்திவிட்டதால் மோட்டார் ஓடவில்லை. தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினார்கள். தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்து முடித்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஈரச் சாம்பலும் கருகிய தோலுமாக நாறியது. அந்த நாற்றம் குழந்தையின் தலைமுடியில்கூட ஏறியிருந்தது.

அந்த ஒரு நிமிஷம் ஸ்ரீஹரி ஏன் நின்றான் என்பது கௌசிகாவுக்கு மட்டும் தெரியும்.

புதுக்கொல்லை ஆந்திர எல்லையில் சத்தியவேட்டுக்குப் பக்கத்துச் சின்ன ஊர். நாற்பது வீடு, சுற்றிலும் மாந்தோப்பு, நெல், கொஞ்சம் கடலை. ரத்தினம்மா தன் மகனுக்கென்று கட்டிய இரண்டறை வீட்டில்தான் இவர்கள் ஒன்றரை வருஷமாகக் குடியிருந்தார்கள். மகன் பெங்களூரோடு சரி. ஸ்ரீஹரிக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலை. மதிய ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் மெயின்ரோட்டில் இறக்கிவிடும்போது பதினொன்று ஆகிவிடும். கௌசிகாவுக்குத் தாய்ப்பால் போதவில்லை. ரத்தினம்மா தினமும் விடியற்காலை கறந்த பாலில் ஒரு சொம்பை ஜன்னலில் வைத்துவிட்டு, "ஏம்மே, பாலு வச்சிக்கீறேன், பூன வந்துரும்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். பவ்யா வளர்ந்தது செவலையின் பாலில்தான்.

தீப்பிடித்த அன்று இரவு அவன் வேலை முடிந்து வந்தபோது குழந்தை நிறுத்தாமல் அழுதுகொண்டிருந்தது.

"சாய்ங்காலம் பஸ் ஸ்டாப்பாண்ட இட்டுக்கினு போயிட்டேன் மாமா. அவ அவ தூக்கிக் கொஞ்சினாளுங்க. கண்ணு பட்டுட்ச்சி."

"கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. வயித்து வலியா இருக்கும்."

"நீ சும்மா இரு. சுத்திப் போட்டா தெரிஞ்சிடப் போவுது."

குழந்தை குளிக்க வெந்நீர் வைத்த வெளியடுப்பில் கொட்டாங்குச்சித் தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதை ஓர் உடைந்த சட்டி ஓட்டில் அள்ளினாள். நாலு காய்ந்த மிளகாய், ஒரு பிடி கல்லுப்பு, கொஞ்சம் தெருமண், துடைப்பக்குச்சி மூன்று. குழந்தையை மூன்று சுற்று இப்படி, மூன்று சுற்று அப்படிச் சுற்றித் தணலில் போட்டாள். மிளகாய் எரிந்தது. யாருக்கும் கமறவில்லை.

"பாத்தியா? ஒரு தும்மல் வர்ல. எவ்ளோ கண்ணு பாரு. எடுத்துக்கினு போய் முச்சந்தில வச்சிட்டு வா. திரும்பிப் பாக்காத. கால் கழுவிட்டு உள்ள வா."

முச்சந்தி இருநூறு அடி தள்ளி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி இருந்தது. அங்கே மூன்று நாய்கள் படுத்திருக்கும். ஸ்ரீஹரி எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவன். சந்து முனைவரை போனான். வாய்க்கால் வழியும் தோப்பு வழியும் அங்கேயும் பிரிந்தன. இதுவும் மூன்று வழிதானே என்று அங்கேயே ஓட்டை வைத்தான். அங்கிருந்து ரத்தினம்மாவின் போர் பன்னிரண்டு அடி தூரம். திரும்பி நடந்தான். முதுகுக்குப் பின்னால் என்னமோ படபடவென்று வெடித்தது. உப்பு என்று நினைத்தான். உப்பாகவும் இருந்திருக்கலாம்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

விடிந்ததும் ஊரே ஸ்ரீஹரியைச் சுற்றி நின்றது. ரத்தினம்மா அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு மருந்து தடவினாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. ராத்திரியோடு வற்றிப்போயிருந்தது.

"எம் புள்ள கூட இப்டி உள்ள பூந்திருக்க மாட்டான். இந்தப் பையன் இல்லன்னா கன்னும் சேந்து போயிருக்கும்."

"அத்த, கை பரவால்ல. வுடு."

"இன்னாத்த பரவால்ல? தோலு உரிஞ்சி கீது. ஏம்மே கௌசி, இவனுக்கு ரெண்டு நாளு நீதான் ஊட்டி வுடணும். கூச்சப்பட்டா நான் ஊட்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கௌசிகாவால் சிரிக்க முடியவில்லை.

கிராம வருவாய் அதிகாரி வி.ஆர்.ஓ. வந்து, யார் மேலாவது சந்தேகமா என்று தெலுங்கில் விசாரித்தார். "எவரி மீதைனா அனுமானமா அம்மா?"

ரத்தினம்மா யோசிக்கவே இல்லை. "அவன் மேலதான் சார். தோப்புக் காவலுக்குக் கீறானே முனிகிருஷ்ணன், அவன். ராத்திரி பூரா பீடி புடிச்சிக்கினு இந்தச் சந்துலதான் போவான் வருவான். முந்தாநாளு மாம்பழம் பழுக்கப் போட ஒரு கட்டு வைக்கோல் கேட்டான். மாட்டுக்கே பத்தல, போடான்னேன். 'நீயே வச்சித் துன்னு'ன்னு சொல்லிட்டுப் போனான். எல்லாரும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க."

ரேஷன் கடை வைத்திருந்த வார்டு மெம்பர் பூவராகவன் தோப்புக்கு ஆள் அனுப்பினார். முனிகிருஷ்ணன் தானாகவே வந்துகொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும். மனைவி செத்த பிறகு தோப்புக் குடிசையிலேயே தங்கிவிட்டவன். லுங்கி மடிப்பில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. பூவராகவன் அதை உருவி எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"இன்னாடா இது?"

"பீடி."

"ராத்திரி சந்துல வந்தியா?"

"வந்தேன். பன்னெண்டு மணி இருக்கும்."

பூவராகவன் அறைந்த சத்தம் சந்து முழுக்கக் கேட்டது. முனிகிருஷ்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு ஒரே ஒருமுறை நிமிர்ந்து ஸ்ரீஹரியின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான்.

"ஸ்டேஷனுக்கு இப்பப் போவ வேணாம்" என்றார் பூவராகவன். "செவ்வாய்க்கெழம கங்கம்மா கோயில்ல சத்தியம் பண்ணிக் கற்பூரம் அணைக்கட்டும். அப்பால பாத்துக்கலாம்."

அந்த மூன்று நாளும் வெயில் கொளுத்தியது. செத்த பசுவை வாய்க்கால் ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கன்றுக்குட்டியை ரத்தினம்மா தன் வீட்டு வாசலில் கட்டியிருந்தாள். அது பகலெல்லாம் படுத்துக் கிடந்தது. இருட்டியதும் எழுந்து நின்று கத்தியது. அவள் பாக்கெட் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி அதன் மூக்கைப் பிடித்து முக்குவாள். அது தும்மித் தலையைத் திருப்பிக்கொள்ளும்.

"குடிடி. உங்கம்மா வரமாட்டா. குடிடி."

விடியற்காலை ஜன்னலில் சொம்பு இல்லை. ஆனால் மூன்று நாளும் மத்தியானம் ரத்தினம்மா களியும் வேர்க்கடலைத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். "கை நோவுல அவன் வேலைக்கும் போவல. நீ குழந்தையப் பாப்பியா, ஆக்குவியா" என்றாள். ஸ்ரீஹரி அந்தக் களியைத் தின்றான். தின்னாவிட்டால் ஏன் என்று கேட்பாள்.

திங்கட்கிழமை ராத்திரி கௌசிகா பேச்சை எடுத்தாள். கன்று வெளியே கத்திக்கொண்டிருந்தது.

"நாளிக்குச் செவ்வாய்க்கெழம மாமா."

"தெரியும்."

"முனிகிருஷ்ணன் சத்தியம் பண்ணப் போறாரு."

"பண்ணட்டும். அவன் நெருப்பு வைக்கலன்னா அவனுக்கு இன்னா பயம்? வந்துடுவான்."

"அப்ப யார் பண்ணதுன்னு கேப்பாங்க இல்ல?"

ஸ்ரீஹரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். "கௌசி, நம்ம தணலாலதான் புடிச்சிதுன்னு உனக்குத் தெரியுமா? நீ பாத்தியா? நான் பாத்தேனா?"

"பாக்கலதான். பாக்கக் கூடாதுன்னு நான்தான சொன்னேன்."

"அப்புறம் இன்னா? பீடியாவும் இருக்கலாம்."

"முச்சந்திலதான் வச்சேன்னு அன்னிக்கு என்னாண்ட சொன்ன. நெருப்பப் பாத்துட்டு வாசப்படில நின்ன பாரு, அப்பதான் எனக்குத் தெரிஞ்சுது."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "சொன்னா இந்த வூடு போவும். போலீசு கேஸு எழுதினா கம்பெனில கேட்ல நிக்க வச்சி அனுப்பிடுவாங்க. கான்ட்ராக்ட் வேல. எங்க நைனா ஆயுசு பூரா அடுத்தவன் நெலத்துல நாத்து நட்டாரு. நான் மொத மொதலா ஐடி கார்டு மாட்டிக்கினு பஸ்ஸுல போறேன். அந்த வேலைய ஒரு ஓட்டுத் தணலுக்காக வுடச் சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லச் சொல்லல."

"அப்ப தூங்கு."

இரண்டு பேரும் தூங்கவில்லை. குழந்தை மட்டும் தூங்கியது. அன்றைக்குப் பிறகு அது ஒருநாள்கூட ராத்திரியில் அழவில்லை.

கங்கம்மா கோயில் வேப்பமரத்தடியில் இருந்தது. காலை எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். முனிகிருஷ்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றான். பூவராகவன் தட்டில் கற்பூரத்தை வைத்து ஏற்றினார்.

"நான் சொல்றதத் திருப்பிச் சொல்லு. ரத்தினம்மா போருக்கு நான் நெருப்பு வைக்கல, என் பீடியாலயும் புடிக்கல."

"ரத்தினம்மா போருக்கு நான் நெருப்பு வைக்கல. என் பீடியாலயும் புடிக்கல."

"எவன் வச்சானோ, அவன் வூடும் இதே மாதிரி வெந்து போவட்டும். அவன் வம்சம் இந்தக் கற்பூரம் மாதிரி அணைஞ்சி போவட்டும். சொல்லிட்டு அடிச்சி அணை."

கௌசிகா தன்னை அறியாமல் முந்தானையால் குழந்தையின் தலையை மூடினாள்.

முனிகிருஷ்ணன் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"சொல்லுடா."

"இத்த சொல்லமாட்டேன்."

"ஏன்?"

"மொதல்ல சொன்னது சத்தியம். அதுக்கு அணைக்கிறேன். யார் வூட்டு மேலயும் நான் சாபம் வுடமாட்டேன்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "அவன் வூட்டு மேலயே வுட்டுக்குவானா?" என்றாள் ஒருத்தி. "இருக்கிறதே ஒரு குடிசை, அதுவும் தோப்புக்காரன்து" என்று இன்னொருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். ரத்தினம்மா முன்னால் வந்தாள். மூன்று நாளில் முகம் சுருங்கிப் போயிருந்தது.

"ஒரு கட்டு வைக்கோலுக்காடா? அது வாயில்லா ஜீவன்டா. பூட்டுப் போட்டு நானே அத்தக் கொன்னுட்டேனேன்னு மூணு நாளா நான் செத்துக்கினு கீறேன். நீதான்னு ஒரு வார்த்த சொல்லிட்டாவது போயேன்."

முனிகிருஷ்ணன் ஈர வேட்டியின் நுனியைப் பிழிந்தான். பூவராகவன் போனை எடுத்தார். "போதும். எஸ்.ஐ. கிட்ட நான் பேசறேன். சாபம் வுடப் பயப்பட்றவன் யாருன்னு குழந்தைக்குக் கூடத் தெரியும்."

கௌசிகா புருஷன் பக்கம் சாய்ந்தாள். அவள் குரல் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

"மாமா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

ஸ்ரீஹரி கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு முன்னால் போனான். கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"போன வெச்சிடுண்ணா. நான்தான். குழந்தைக்குச் சுத்தின தணல முச்சந்திக்கு எடுத்துக்கினு போகாம சந்து முனையிலயே வச்சிட்டேன். என்னமோ வெடிச்சிது. திரும்பிப் பாக்கக் கூடாதேன்னு வந்துட்டேன்."

வேப்பமரத்தில் அணில் கத்துவது தெளிவாகக் கேட்டது. கற்பூரம் யாரும் அணைக்காமல் தானாக எரிந்து முடிந்தது.

முனிகிருஷ்ணன்தான் முதலில் பேசினான்.

"நானும் பாத்தேன் தம்பி. நீ வச்சிட்டுப் போறதப் பாத்தேன். தணலு செவசெவன்னு இருந்துது. திஷ்டிய மிதிக்கக் கூடாது, தாண்டக் கூடாதுன்னு நான் சுத்திக்கினு போனேன். வாய்க்கால்ல தண்ணி இருந்துது. ஒரு கை அள்ளி ஊத்தியிருக்கலாம். ஊத்தல. அப்புறம் நான் எந்த வாயால சாபம் வுட்றது?"

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?" என்றார் பூவராகவன்.

"இன்னா பாத்தேன்னா கேட்டீங்க? அறையத்தான செஞ்சீங்க."

பூவராகவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெரிய வேலை இருப்பதுபோல் தட்டைக் கழுவப் போனார்.

ரத்தினம்மா ஸ்ரீஹரியின் எதிரே வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலை என்றும் நினைத்தான். அவள் அவனுடைய கையைத் தூக்கிப் பார்த்தாள். முந்தின நாள் அவளே கட்டிய கட்டு.

"இந்தக் கைக்குத்தான நான் மூணு நாளா மருந்து போட்டேன்?"

"ஆமா அத்த."

"களிய உருட்டித் தரும்போது கூடச் சொல்ல வாய் வர்ல இல்ல?"

அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

அவள் கையை விட்டாள். "கேஸு ஒண்ணும் வேணாம். வி.ஆர்.ஓ. கிட்ட நான் சொல்லிக்கிறேன். மாசக் கடைசிக்குள்ள வேற வூடு பாத்துக்கோ. உன் மொகத்த தெனம் பாத்துக்கினு என்னால அந்த வாசல்ல உக்கார முடியாது." பிறகு கௌசிகாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, குழந்தை கையை நீட்டிச் சிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரியும் கன்று கத்தியது. குரல் தேய்ந்து, இடையிடையே இருமல் போல வந்தது. கௌசிகா எழுந்து பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆற்றினாள். பவ்யாவுக்கு இரண்டு பால் புட்டிகள் இருந்தன. பெரியதை எடுத்து ரப்பர் நிப்பிளின் ஓட்டையை ஊசியால் பெரிதாக்கினாள். சாம்பல் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்க் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு முறை துப்பியது. மூன்றாவது முறை சப்பிப் பிடித்துக்கொண்டது. மூக்கால் புட்டியை முட்டி முட்டிக் குடித்தது.

நிமிர்ந்தபோது கதவு திறந்திருந்தது. ரத்தினம்மா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரமாகவோ.

"ஓட்டைய பெருசு பண்ணியா?"

"பண்ணேன் அத்த."

"ம்."

அவ்வளவுதான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கௌசிகா தினமும் ராத்திரி ஒரு தடவை, விடியற்காலை ஒரு தடவை போனாள். ரத்தினம்மா அந்த நேரத்தில் நிலைப்படியில் இருப்பாள். மாடு கட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாசக் கடைசி பற்றிச் சொன்னதை அவள் மாற்றிச் சொல்லவில்லை.

சத்தியவேட்டில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை கிடைத்தது. முப்பதாம் தேதி காலை லோடு ஆட்டோவில் சாமான் ஏற்றினார்கள். முனிகிருஷ்ணன் வந்து பீரோவுக்கு ஒரு கை பிடித்தான். ஸ்ரீஹரியின் வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை. "மாங்கா ரெண்டு வச்சிக்கீறேன், சாக்குல கீது, வைக்கோல் இல்லாமதான் பழுக்கப் போட்டேன்" என்றான். சிரிக்கச் சொன்னதா என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

ரத்தினம்மாவின் கதவு சாத்தியிருந்தது. கௌசிகா கடைசியாக ஒரு தடவை பாலை ஆற்றி, புட்டியை மூடி, கதவோரம் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"அத்த, பாலு வச்சிக்கீறேன். பூன வந்துரும்."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு வந்தாள்.

ஆட்டோ சந்து முனையைத் தாண்டியது. கருகிய மண்ணில் யாரோ புதிதாக முளை அடித்திருந்தார்கள். பின்பக்கம் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே கௌசிகா குழந்தையோடு திரும்பி உட்கார்ந்தாள்.

"இந்தப் பக்கம் திரும்பு கௌசி" என்றான் ஸ்ரீஹரி. "குடி மாறிப் போவும்போது திரும்பிப் பாக்கக் கூடாது."

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையார் கோயில் வந்தது. முச்சந்தி வந்தது. அங்கே ஆட்டோ வளைந்தபோது, தூரத்தில் கதவு திறந்து ரத்தினம்மா வெளியே வருவதும், குனிந்து புட்டியை எடுப்பதும், கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு அவள் மேல் பாய்வதும் தெரிந்தது.